சாய்வுப் பந்து

ஹாம்லெட்டின் பிரசித்தமான தனிமொழியில் வரும் 'ரப்' என்ற சொல்லுக்கு எங்கள் கல்லூரியில் 'இடையூறு' என்று அர்த்தம் சொன்னார்கள். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டோம். பரீட்சையிலும் எழுதினோம். அர்த்தம் தவறு இல்லை. ஆனால் அந்தச் சொல், புல்தரையில் பந்து உருட்டும் ஓர் ஆட்டத்திலிருந்து எடுத்தது. உருண்டு போகும் பந்தைத் தரையில் கிடக்கும் ஏதோ ஒன்று தடுத்தோ திருப்பியோ விட்டால் அதற்குப் பெயர் 'ரப்' என்பதைப் பட்டம் வாங்கிப் பல வருஷங்களுக்குப் பிறகு, தற்செயலாக, ஓர் அகராதியில்தான் கண்டேன். அதே அகராதியில் இன்னும் சில பக்கங்கள் புரட்டியதில் 'பயாஸ்' என்ற சொல்லும் அகப்பட்டது. நம் விமரிசகர்கள் 'சார்பு' என்றும், கோபம் வந்தால் 'ஒருதலைப்பட்சம்' என்றும் மொழிபெயர்த்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொள்ளும் இந்தச் சொல்லும் அதே புல்தரையிலிருந்து வந்ததுதான். மன உணர்வைக் குறிப்பதற்கு முன்னால் அது ஒரு பந்தின் சரிந்த ஓட்டத்தைக் குறித்தது.

'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அரசி தோட்டத்தில் வருத்தத்தோடு இருக்கிறாள். பொழுதுபோக்காகப் பந்துருட்டலாம் என்கிறாள் தோழி. அந்த ஆட்டத்தின் கலைச்சொற்களைக் கொண்டே அரசி அதை மறுத்துவிடுகிறாள். இரண்டு சொற்களும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. லண்டன் நாடகக் கொட்டகையில் தரையில் நின்று பார்த்த கூலிக்காரனுக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டிருக்காது. எங்களுக்கு அடிக்குறிப்பே பாடம். பந்து வரவில்லை, தரை வரவில்லை. படிமம் மட்டும் கப்பலேறி வந்து சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த நாட்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களின் நிலைமை இதுதான். நம்மவர்கள் இதைப் பற்றி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் அந்த அகராதியைப் பார்க்கிற வரைக்கும் வெட்கப்படவில்லை.

இந்த ஆட்டத்தின் சரித்திரத்தை நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இவ்வளவுதான். விளையாட்டில் எனக்கு ருசி கிடையாது. தர்மபுரியில் இந்த ஆட்டத்துக்கான புல்தரையும் கிடையாது.

*

முதலில் ஆட்டம். ஏறத்தாழ நாற்பது மீட்டர் சதுரத்துக்குள் ஒரு புல்தரை. சுற்றிலும் சிறிய பள்ளம். புல் நாலைந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் வளர விடப்படுவதில்லை. ஒரு சிறிய பந்தை முதலில் உருட்டி விடுகிறார்கள். அதற்கு 'ஜாக்' என்று பெயர். பிறகு இரு கட்சியினரும் ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடையுள்ள பெரிய பந்துகளை மாறி மாறி உருட்டுகிறார்கள். ஜாக்குக்கு அருகில் யாருடைய பந்து போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிரியின் பந்தைத் தட்டி அப்புறப்படுத்தலாம், ஜாக்கையே நகர்த்திவிடலாம். விதிகள் இதற்கு மேல் சிக்கலானவை அல்ல.

சிக்கல் பந்தில் இருக்கிறது. அது சரியான உருண்டை அல்ல. ஒரு பக்கம் சற்றே அதிகமாகச் செதுக்கப்பட்டது. வேகமாகப் போகும்வரை நேராகப் போவது போலத் தெரியும். வேகம் தளரத் தளர ஒரு பக்கமாக வளைய ஆரம்பிக்கும். நிற்கப்போகும் தருணத்தில் வளைவு மிக அதிகம். எனவே ஜாக்கைக் குறிபார்த்து உருட்டுகிறவனின் பந்து ஜாக்குக்குப் போய்ச் சேராது. குறியிலிருந்து விலகிப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் குறி. இதை வைத்துக்கொண்டு கவிதையைப் பற்றி ஒரு பாரா எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். படிமம் மட்டும் வந்து சேர்ந்தது என்று இப்போதுதான் குறைப்பட்டேன்.

தரை சமமாக இருந்தால்தான் இந்தச் சாய்வு வெளிப்படும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். தரையிலுள்ள கோணலை எல்லாம் அகற்றிவிட்டு, அந்தக் கோணலை அளந்து பந்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

*

இங்கிலாந்தில் சௌதாம்டன் நகரத்து ஒரு புல்தரை தன் வயதை 1299-லிருந்து கணக்கிடுகிறது. 1588-ல் ஸ்பானியக் கப்பற்படை வருகிறது என்று சேதி வந்தபோது பிளிமத்தில் பிரான்சிஸ் டிரேக் பந்துருட்டிக்கொண்டிருந்ததாகவும், ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனதாகவும் ஒரு கதை. சம்பவம் நடந்து முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்துத்தான் தளபதிகள் பந்துருட்டிய விஷயமே அச்சில் வருகிறது. டிரேக்கின் வாசகம் அதற்கும் வெகு பின்னால் சேர்ந்தது. சாம்ராஜ்யங்களுக்கு இப்படிப்பட்ட நிதானக் கதைகள் வேண்டியிருக்கின்றன.

எனக்கு டிரேக்கை விட சுவாரஸ்யமாகத் தோன்றுவது 1541-ம் வருஷத்துச் சட்டம். எட்டாம் ஹென்றி இயற்றியது. கைவினைஞர், கூலியாட்கள், தொழில் பழகுபவர்கள், வேலைக்காரர்கள் பந்துருட்டக் கூடாது. கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் ஆடலாம். அதுவும் எஜமானனின் வீட்டில், எஜமானனின் கண் முன்னால். வருஷத்துக்கு நூறு பவுன் வருமானம் தரும் நிலம் உள்ளவன் உரிமம் பெற்றுத் தன் தோட்டத்தில் ஆடிக்கொள்ளலாம். வெளியே சொல்லப்பட்ட காரணம் வில்வித்தை. ஜனங்கள் பந்துருட்டிக்கொண்டிருந்தால் யுத்தத்துக்கு வில்லாளி எங்கிருந்து வருவான்? ஹென்றி தன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பந்துருட்டும் கூடங்கள் வைத்திருந்தான். இந்தச் சட்டம் ரத்தானது 1845-ல். முன்னூறு வருஷங்களுக்கு மேல் அது புத்தகத்தில் இருந்தது. எல்லா இடத்திலும் அமலில் இருந்தது என்று சொல்ல முடியாது. ஜனங்கள் திருட்டுத்தனமாக ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். மதுக்கடைகளின் பின்புறத்தில் ஆடினார்கள், பந்தயம் கட்டினார்கள், அதனாலேயே ஆட்டத்துக்குக் கெட்ட பெயரும் வந்தது. உழைப்பவன் எப்போது விளையாடலாம் என்பதை அவன் தீர்மானிக்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் சட்டமாக எழுதப்பட்டிருந்தது. இதற்குச் சமமான சட்டத்தை நம் ஊரில் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் ஏற்படவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தை மீட்டது ஸ்காட்லாந்து. கில்மார்னக் என்ற ஊரின் கிளப் 1740-ல் தொடங்கி இன்றும் இருக்கிறது. 1848-49-ல் கிளாஸ்கோவில் பல கிளப்புகளைச் சேர்ந்தவர்கள் கூடினார்கள். பொது விதிகள் வேண்டும் என்று முடிவாயிற்று. மிட்செல் என்பவர் எழுதித் தந்தார். உலகம் முழுவதும் இன்று ஆடப்படும் ஆட்டத்தின் அடிப்படை அந்த விதிகள்தான். 1864-ல் அதே மிட்செல் ஆட்டத்துக்கு ஒரு கையேடும் வெளியிட்டார். இந்தக் கிளப்புகளின் விசேஷம், இவற்றில் பிரபுக்கள் குறைவு என்பது. நெசவாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், கடைக்காரர்கள். ஒரு தெருவோ ஒரு பேட்டையோ சேர்ந்து சந்தா போட்டு, நிலம் பிடித்து, தரையைச் சமன் செய்து, புல் பதித்து, தாங்களே அதைக் காவந்து பண்ணினார்கள். சட்டம் ரத்தாகி நாலு வருஷத்துக்குள் சட்டத்தால் தடுக்கப்பட்ட வர்க்கம் தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஸ்காட்லாந்துக்கு அந்த ஆங்கிலச் சட்டம் பொருந்தியதே இல்லை. ஆசைக்காகச் சரித்திரத்தை வளைக்கக் கூடாது.

இதில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். எட்வின் பட்டிங். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர் போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை வெட்டி வழவழப்பாக்க அங்கே சுழலும் கத்திகள் கொண்ட இயந்திரம் இருந்தது. இதையே தரையில் ஓட்டினால் என்ன என்று பட்டிங் யோசித்தார். 1830-ல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை சமமான புல்தரை என்பது அரிவாளோடு ஏராளமான ஆட்களையோ அல்லது ஓர் ஆட்டு மந்தையையோ வைத்துக்கொள்ள முடிந்தவனுக்கே சாத்தியம். பட்டிங்குக்குப் பிறகு சந்தா கட்டும் ஐம்பது பேருக்கும் சாத்தியமாயிற்று. துணி ஆலை இயந்திரம் ஒரு பக்கம் நம் சேலத்துத் தறிகளை நிறுத்தியது, மறு பக்கம் அவர்களுக்குப் புல்தரை விரித்தது என்று எழுதினால் கைதட்டு கிடைக்கும். ஸ்ட்ரௌட்டில் கம்பளி, சேலத்தில் பருத்தி. அவ்வளவு சுலபமாக முடிச்சுப் போட முடியாது.

பிறகு நடந்தது பரவல். 1840-களின் நடுவில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் ஒரு தரை. ஆஸ்திரேலியாவில் சிற்றூர் தோறும் கிளப். 1903-ல் இங்கிலாந்தில் சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவர் டபிள்யூ. ஜி. கிரேஸ், கிரிக்கெட்டின் அதே தாடிக்காரர். 1930-ல் முதல் காமன்வெல்த் விளையாட்டுக்களிலேயே இது இருந்தது; பெண்கள் சேர்க்கப்பட 1982 ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் கீழ் பந்துருட்டும் கிளப்புகள் வெள்ளையருக்கானவை. 1860-ல் சென்னையிலிருந்து 'டிரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன ஜில்லாக்களில் வடஆற்காடும் சேலமும் உண்டு. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது.

*

தர்மபுரிக்கு வருகிறேன்.

கிளாஸ்கோ என்ற பெயர் இந்த ஊருக்குப் புதியது அல்ல. தாமஸ் மன்றோ 1761-ல் அங்கே பிறந்தவர். தகப்பனார் வர்ஜீனியப் புகையிலையில் வியாபாரம் செய்து, அமெரிக்க யுத்தத்தில் நொடித்துப்போனவர். பிள்ளை 1780-ல் கம்பெனிப் படையில் கேடட் உத்தியோகத்துக்குச் சென்னை வந்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்ததும் அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. 1799 வரை ஏழு வருஷங்கள் இந்தப் பிரதேசத்தில் கழித்தார். தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டார். கனராவுக்கு மாற்றலாகிப் போன பிறகு எழுதிய கடிதங்களில், பாராமகாலை விட்டு வந்ததைப் பற்றியும் இந்தத் தோட்டத்தைப் பற்றியும் ஓர் ஏக்கம் இருக்கிறது. பின்னால் சென்னைக் கவர்னராகி, 1827-ல் பட்டிக்கொண்டாவில் காலராவில் செத்தார். ஒரு மனிதர் தர்மபுரிக்காக ஏங்கினார் என்பதை இந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மன்றோ இங்கே பந்து உருட்டினாரா என்பது என் கேள்வி இல்லை. புல்தரை போடக் கூடியவர்கள் இங்கே வந்தபோது புல்லை என்ன செய்தார்கள் என்பது கேள்வி.

அளந்தார்கள். ரீட்டும் மன்றோவும் வயல் வயலாக நிலத்தை அளந்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று வகை பிரித்து, பயிரிடும் குடியானவனோடு நேராகத் தீர்வை பேசும் முறையைப் பாராமகாலில் உருவாக்கினார்கள். ரயத்துவாரி என்று பிற்பாடு ராஜதானி முழுவதற்கும் போன முறைக்கு இதுதான் நாற்றங்கால். இதன் நன்மை தீமைகளைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இடைத்தரகனை நீக்கியது என்பார்கள். சர்க்காரையே பெரிய மிராசுதாரனாக்கியது என்பார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. பாங்கில் பயிர்க்கடன் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இன்றும் என் மேஜைக்கு வரும் சிட்டாவிலும் அடங்கலிலும் அந்தப் பாகுபாடு அப்படியே இருக்கிறது. கணினியில் அச்சானாலும் எலும்பு அதுதான். அதில் புல்லுக்கு இடம் இல்லை. தீர்வை தராத நிலம் புறம்போக்கு. புல் முளைக்கும் பொது நிலம் மேய்க்கால் புறம்போக்கு. கணக்குக்குப் புறத்தே போவது என்று அதற்குப் பெயர். பொட்டல் காடும், வரப்பும், ஏரிக்கரையும், மாடு போகிற வழியும் அந்தப் பெயருக்குள் போயின. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் வானம் பார்த்த இந்தப் பூமியில் மாடுதான் குடியானவனின் கையிருப்பு. மாட்டின் கையிருப்பு அந்தப் புறம்போக்கு.

அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்றால், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களைப் பார்லிமெண்டுச் சட்டங்கள் மூலம் வேலியடைத்துத் தனிச் சொத்தாக்கிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்துக் கவிதை எழுதிய ஜான் கிளேர் என்ற பண்ணைக்கூலி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஊர்ப் பொதுப்புல் போன பிறகுதான் கிளப்புகளின் சந்தாப்புல் வந்தது என்பதை யோசித்துப் பார்க்கலாம். சமுதாயக் கிளப் என்று நான் மேலே மெச்சியது ஓர் இழப்பின் மேல் கட்டப்பட்டது. அப்படிக் கட்டிக்கொள்ளவாவது அவர்களால் முடிந்தது.

கம்பெனிக்காரர்கள் இங்கே புல் வளர்க்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1824-ல் ஓசூரில் படைக் குதிரைகளுக்காக ஒரு பண்ணை அமைத்தார்கள். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். பிற்காலத்தில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் இதனோடு வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானபோது அந்தப் பக்கம் போயிற்று. ஆக, தர்மபுரி மாவட்டத்துக்கும் முப்பத்தெட்டு வருஷங்கள் ஒரு பெரிய புல்வெளி சொந்தமாக இருந்தது. குதிரைகளுக்காகப் போட்டது.

ஒரு வருஷத்தை மட்டும் குறித்துவிட்டுப் போகிறேன். 1877. அந்த ஜூலையில் விம்பிள்டனில் இயந்திரத்தால் வெட்டிய புல்லின் மேல் முதல் டென்னிஸ் பந்தயம் நடந்தது. அதே 1877-ல் தாதுவருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவில் உச்சத்தில் இருந்தது. ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்பவனின் படியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று குறைத்த வருஷம். மாடுகள் முதலில் செத்தன. 1871-க்கும் 1881-க்கும் இடையில் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வருஷம், அவ்வளவுதான்.

*

இந்தியாவில் இந்த ஆட்டம் நூறு வருஷத்துக்கு மேலாகக் கல்கத்தாவின் ஆட்டம். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் போன்ற இடங்களில் துரைமார்களோடு இருந்து, அவர்கள் போன பிறகு அவர்கள் இடத்துக்கு வந்தவர்களோடு தங்கியது. கிளப்பில் உறுப்பினராக யாராவது முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும், காத்திருக்க வேண்டும். கிளாஸ்கோ நெசவாளியின் ஆட்டம் கடல் தாண்டியதும் வேறு ஜாதியாகிவிட்டது. கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம்மவர்கள் பயந்தார்கள். அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

இது உடைந்த விதம்தான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி. எந்தக் கிளப்பும் மனமிரங்கிக் கதவைத் திறக்கவில்லை. தேசிய விளையாட்டுக்களை நடத்தும் மாநிலங்கள் பந்தயப் பட்டியலை நிரப்பப் புல்தரை போட்டன. 2007-ல் கௌஹாத்தி, சருசஜாயில் ஒன்று. 2011-ல் ராஞ்சி, நாம்கூமில் ஒன்று. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லியில். இந்தியா இந்த ஆட்டத்தில் காமன்வெல்த்துக்குப் போனதே அந்த 2010-ல்தான். தரை போட்டாகிவிட்டது, ஆட ஆள் வேண்டும். வேறு ஆட்டங்களில் காயம்பட்டவர்களும் வயது தாண்டியவர்களும் வந்தார்கள். லவ்லி சௌபே நீளம் தாண்டுபவர், ஜார்க்கண்டில் போலீஸ் காவலர். நயன்மொனி சைகியா எடை தூக்கியவர், காலில் அடிபட்டு இதற்கு வந்தவர், அப்போது அஸ்ஸாமில் வன இலாகா ஊழியராக இருந்தவர். ரூபா ராணி டிர்க்கி கபடி ஆடியவர். பிங்கி கிரிக்கெட் ஆடியவர், டெல்லியில் பள்ளி விளையாட்டு ஆசிரியை. 2022 ஆகஸ்டு 2-ந் தேதி பர்மிங்ஹாமில் இந்த நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். எட்டுக்கு இரண்டு என்று முன்னால் இருந்து, பிறகு எட்டுக்குப் பத்து என்று பின்தங்கி, அப்புறம் வென்றார்கள்.

அன்று மாலை எங்கள் கிளையில் கூட வேலை செய்பவர் ஒருவர் போனில் இதை ஓட விட்டுக்கொண்டிருந்தார். கவுண்டர் மூடிய நேரம். கறவை மாட்டுக் கடன் பாரத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள், பாலக்கோடு பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், எட்டிப் பார்த்தார்.

"எத்தினி புல்லு! மாடு வுடமாட்டாங்களா சார்?"

"விளையாடறதுக்குன்னே வளக்கிறதும்மா அது."

"அறுத்தாவது போடுவாங்களா?"

அந்த நாலு பெண்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஜெயித்ததும் "நம்ம புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றதும் சந்தோஷப்பட்டார். ஆனால் அவருடைய முதல் கேள்வி புல்லைப் பற்றியது. அவர் வீட்டில் அரை ஏக்கரில் கோ-4 தீவனப் புல் போட்டிருக்கிறார். மேய்க்கால் என்று அவர் மாமியார் காலத்தில் ஓட்டிப் போன இடம் இப்போது இல்லை. அறுத்துப் போடுவார்களா என்ற கேள்விக்கு அன்றைக்கு எனக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்தேன். அறுக்கிறார்கள், அநேகமாகத் தினமும். சில மில்லிமீட்டர் புல்லில் வெட்டி விழுவது துகள். எந்த மாட்டின் வாய்க்கும் அகப்படாது.

அவருடைய கேள்வியை அறியாமை என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கிளையில் அப்படி எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அது ஒரு வாசிப்பாகப் பட்டது. ஹாம்லெட்டை நான் வாசித்ததை விட அவர் அந்தப் படத்தை ஒழுங்காக வாசித்தார். தரையைப் பார்த்தார்; அதில் முளைத்திருப்பது என்ன, யாருக்கு என்று கேட்டார். நானும் என்னோடு படித்தவர்களும் மூன்று வருஷம் ஷேக்ஸ்பியர் வகுப்பில் ஒரு தடவைகூட அப்படிக் கேட்கவில்லை.

*

இந்தப் பந்துருட்டலுக்கு நம்மிடம் நிகரானது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. நற்றிணையின் மூன்றாவது பாட்டு, இளங்கீரனார் பாடியது, பாலைத் திணை. பருந்து குஞ்சு பொரித்து வருந்தும் உயர்ந்த கிளையுள்ள வேப்பமரம். அதன் புள்ளி புள்ளியான நிழலில் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடும் சிறுவர்கள். அவர்கள் பாடம் கற்காதவர்கள் என்று கவிஞர் சொல்கிறார். சுற்றிலும் வழிப்பறி செய்யும் வில்லாளிகளின் சிற்றூர். வில்லுக்குப் பயிற்சி கெட்டுவிடும் என்று அந்தச் சிறுவர்களை யாரும் தடை செய்யவில்லை. பொருள் தேடிப் போன ஒருவன் சுரத்தில் நின்று, முன்னொரு பயணத்தில் இதைக் கண்ட மாலை நேரத்தை நினைக்கிறான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் என்று வழக்கம்போலச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள இதை எடுக்கவில்லை. நாம் அப்படி எடுத்தெடுத்தே சங்கப் பாட்டுக்களைப் பட்டயங்களாக்கிவிட்டோம். நான் கவனிப்பது தரையை. புல் இல்லை. வெறும் மண். அதில் ஒரு குச்சியால் கீறிய கோடு. நிழல் நகர்ந்தால் ஆட்டமும் நகரும். சந்தா இல்லை, நிலம் பிடிக்க வேண்டியது இல்லை, அதனால் கிளப்பும் இல்லை. கிளப் இல்லாததால் நிர்வாகக் குழு இல்லை, நடவடிக்கைக் குறிப்பேடு இல்லை, சரித்திரமும் இல்லை. கில்மார்னக்கின் 1740 நமக்குத் தெரிகிறது என்றால் அங்கே யாரோ எழுதி வைத்தார்கள்.

நான் ஆடியது கோலி. எங்கள் தெருவில் மூன்று குழி போட்டு ஆடுவோம். கோலிக்குச் சாய்வு கிடையாது. கண்ணாடி உருண்டை, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி. சாய்வு முழுவதும் தரையில் இருந்தது. இரண்டாவது குழிக்கு முன்னால் ஒரு வேர் மேலெழும்பி இருக்கும். தண்ணீர் ஓடிய தடம் ஒன்று குறுக்கே போகும். மழைக்குப் பிறகு அது இடம் மாறிவிடும். எந்தப் பக்கம் விட்டால் எங்கே வளையும் என்பது அந்தத் தெருப் பையன்களுக்குத்தான் தெரியும். அடுத்த தெருக்காரன் நம் இடத்தில் வந்து ஆடினால் தோற்பான், அவர்கள் இடத்தில் நாம் தோற்போம். தோற்றவன் கைமுட்டியை மடக்கித் தரையில் வைக்க வேண்டும், ஜெயித்தவன் கோலியால் அதில் அடிப்பான். ரத்தம் வரும். எஜமானன் கண் முன்னால்தான் ஆட வேண்டும் என்று இல்லாவிட்டாலும், அப்பா கண்ணில் படாமல் ஆட வேண்டும் என்று இருந்தது.

எங்கள் கிளைக்குப் பின்னால் ஒரு காலி இடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே பையன்கள் குழி போட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். போன வருஷம் வண்டி நிறுத்துவதற்காக அந்த இடம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்தார்கள். நல்ல சமதரை. ஒரு நாள் இரண்டு பையன்கள் வந்து உருட்டிப் பார்த்தார்கள். கோலி எங்கும் வளையாமல் நேராகச் சுவர் வரை ஓடிற்று.